பௌசானியாஸைக் கையில் வைத்துக்கொண்டு கிரேக்கத்தைப் பார்ப்பது எப்படி

பழங்காலப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதிய 'கிரேக்க நாட்டு விவரணம்' ஒரு பிழையோடுதான் தொடங்குகிறது. ஏதென்சைச் சுற்றியுள்ள அட்டிக்காவின் தென்கோடியில் கடலுக்குள் நீளும் சூனியோன் முனையின் உச்சியில் அதீனா கோயில் இருக்கிறது என்கிறார். அங்கே நிற்பது கடல் தெய்வமான பொசைடனின் கோயில். அகழாய்வில் கிடைத்த கல்வெட்டு சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. அதீனாவின் கோயில் சற்றுத் தள்ளி, தாழ்ந்த மேட்டில் இருந்தது. அந்தப் பத்தியை மேலே படித்தால் காரணம் பிடிபடும். முனை, துறைமுகம், இன்னும் கப்பலில் போனால் லாரியோன் வெள்ளிச் சுரங்கம், பிறகு ஆளில்லாத ஒரு சிறு தீவு. எல்லாம் கடலிலிருந்து தெரியும் வரிசை. கரையிறங்கி மேலே ஏறிப் பார்க்காததால் சறுக்கியிருக்கிறார் என்று பலரும் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

கால் வைத்து நடந்த இடத்தில் இவர் அசாத்தியத் துல்லியம். தூரத்திலிருந்து பார்த்ததிலும் காதால் கேட்டதிலும் நாம் நிதானிக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சில ஜெர்மன் அறிஞர்கள், இவர் எங்கும் போகாமல் பழைய நூல்களைப் பார்த்து எழுதியவர் என்று அடித்துச் சொன்னார்கள். ஒலிம்பியாவின் மண்ணைத் தோண்டியதும் அந்த வாதம் வலுவிழந்தது.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் தெரிந்ததே சுருக்கம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. சிபிலோஸ் மலையைப் பற்றிப் பேசும்போது புராண நாயகர்களான பெலோப்சும் டான்டலசும் "எங்கள் நாட்டில்" வாழ்ந்ததற்கு அடையாளங்கள் உண்டு என்கிறார் (5.13.7), அதனால் ஆசியா மைனரில் அந்த மலையடியில் இருந்த மக்னீசியாதான் சொந்த ஊர் என்று கொள்கிறார்கள். காலத்தைக் கணிக்க ஒரு நல்ல கொக்கி இருக்கிறது: கொரிந்து மறுபடி குடியேற்றப்பட்டு 217 ஆண்டுகள் ஆகின்றன என்று 5ஆம் நூலில் எழுதுகிறார். சீசர் அந்நகரை மீண்டும் நிறுவியது கி.மு. 44. கூட்டிப் பார்த்தால் கி.பி. 174. முதல் நூல் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது என்பதற்கும் அவரே சாட்சி. ஏதென்சில் செல்வந்தர் ஹெரோதெஸ் அட்டிகஸ் கட்டிய இசையரங்கம் முதல் நூலில் ஏன் இல்லை என்றால், அதை எழுதி முடித்த பிறகுதான் அது கட்டப்பட்டது என்று 7ஆம் நூலில் விளக்கம் தருகிறார்.

பத்து நூல்கள். 1 அட்டிக்காவும் மெகாராவும். 2 கொரிந்து, ஆர்கோலிஸ். 3 லகோனியா. 4 மெசீனியா. 5, 6 இரண்டும் எலிஸ். அதாவது பெரும்பாலும் ஒலிம்பியா. 7 அக்காயா, 8 ஆர்க்கேடியா, 9 பியோஷியா, 10 டெல்ஃபி உள்ள ஃபோகிஸும் அதையடுத்த லோக்ரிஸும். மேற்கோள் காட்டும்போது நூல், அத்தியாயம், பிரிவு என மூன்று எண்கள்; மேலே 5.13.7 என்று எழுதியதும் அப்படித்தான். அத்தியாயப் பிரிவுகள் பிற்காலத்தவை, அவர் போட்டவையல்ல. அதனால் ஒரு அத்தியாயம் முடிகிற இடத்தில் ஓர் இடமும் முடிந்துவிடுகிறது என்று எண்ண வேண்டாம்.

அவர் எழுதும் முறையைப் பிடித்துக்கொண்டால் புத்தகம் திறந்துகொள்ளும். ஒரு நாட்டின் எல்லையில் நுழைவார். நேர்வழியில் தலைநகருக்குப் போவார். அங்கே சந்தைவெளி, கோயில்கள், கோட்டை. பிறகு நகரிலிருந்து வெளியே போகும் ஒரு சாலையைப் பிடித்து அதன் முடிவுவரை சொல்வார். சட்டென்று நகருக்குத் திரும்பி அடுத்த சாலை. அது முடிந்ததும் மறுபடி நகரம். கடைசிச் சாலை அடுத்த நாட்டின் எல்லையில் கொண்டுபோய் விடும். ஆர்க்கேடியாவின் மான்டினேயா இதற்குத் தெளிவான உதாரணம்: அங்கிருந்து தெகேயா, பலான்டியோன், மெதுத்ரியோன், ஒர்கோமெனோஸ் என்று ஒவ்வொரு சாலையாக விரிகிறது. பக்கவாட்டில் ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்கு அவர் தாவுவதில்லை. உண்மையான பயணம் அப்படி நடந்திருக்க முடியாது. பல முறை போய் வந்ததை எழுதும்போது இப்படி அடுக்கியிருக்கிறார். ஆகவே இது பயணக் குறிப்பேடு ஆகாது. திட்டம் போட்டுக் கட்டிய நூல்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்: எந்தப் பத்தியைத் திறந்தாலும் முதலில் அவர் எங்கிருந்து எங்கே போகிறார் என்று பாருங்கள். அவரிடம் வடக்கு தெற்கு மிகக் குறைவு. "வலப்பக்கம்", "எதிரே", "அதற்கு அப்பால்", "மேலே" என்றுதான் சொல்வார். அவர் விவரித்த சாலையில் எதிர்த்திசையில் வந்தால் வலம் இடமாகிவிடும், ஒரு மலைக்குன்று தப்பான கரையில் போய் உட்காரும். தூரத்தை ஸ்டேடியத்தில் தருவார். ஒரு ஸ்டேடியத்துக்குச் சுமார் 185 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தரையில் தேடப் போதும். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். அவர் சொல்வது வளைந்து நெளிந்த சாலையின் நீளம், அதிலும் பெரும்பாலும் முழு எண்ணாக்கியது.

ஏதென்சின் சந்தைவெளியான அகோராவில் இந்த முறை நன்றாக வேலை செய்த இடமும் உண்டு, காலை வாரிய இடமும் உண்டு. கெராமெய்கோஸ் பக்கமிருந்து வருகிறவருக்கு "வலப்பக்கம் முதலில்" அரச மண்டபம் என்று எழுதுகிறார் (1.3.1). ஆண்டுக்கு ஒருவர் என்று பொறுப்பேற்கும் 'அரசர்' பட்டமுள்ள அதிகாரி அமரும் இடம் அது. சாக்ரடீஸ் மீதான குற்றச்சாட்டு பதிவானதும் அங்கேதான். நீண்ட காலம் இந்த மண்டபம் அகப்படவில்லை. பக்கத்திலுள்ள சீயுஸ் மண்டபத்துக்கே இரண்டு பெயரா என்றுகூட விவாதித்தார்கள். 1970இல் அமெரிக்க அகழாய்வுக் குழு வடமேற்கு மூலையில் தோண்டியபோது, ஏதென்ஸ்–பிரேயஸ் ரயில் பாதையை ஒட்டி, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய கட்டடம் வெளிப்பட்டது. வலப்பக்கம், முதலில். சொன்னது சொன்னபடி.

காலை வாரியது 'மேலே' என்ற குறிப்பு. வட்ட வடிவ தோலோஸ் கட்டடத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு மேலே ஏதென்சின் குலங்களுக்குப் பெயர் தந்த பத்து வீரர்களின் சிலைகள் என்கிறார். மேலே என்றால் மேட்டில் என்று நினைத்து மேற்கே குன்றுச் சரிவில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த நீண்ட பீடம் தெருவுக்கு எதிர்ப்பக்கம், சமதரையில் கிடைத்தது. நடக்கும் வழியில் 'இன்னும் அப்பால்' என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அதே அகோராப் பகுதியில் 'ஒன்பது வாய் ஊற்று' ஒன்றைச் சொல்கிறாரே, அதை எங்கே வைப்பது என்பது இன்னும் தீராத சண்டை. இலிசோஸ் ஆற்றங்கரைப் பக்கம் என்று பிற சான்றுகளை வைத்து வாதிடுவோர் ஒருபுறம், அகோராவின் தென்கிழக்கு ஊற்றுமனைதான் என்போர் மறுபுறம். இவர் நடையின் வரிசையை மட்டும் நம்பினால் இரண்டாவது கட்சிதான்.

அடுத்து, அவருடைய மௌனம். இதில் ஏமாறாதவர் குறைவு. பார்த்தெனான் கோயிலைச் சுற்றிச் சுமார் 160 மீட்டர் நீளத்துக்கு ஓடும் புடைப்புச் சிற்ப வரிசையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முகப்பு முக்கோணங்களைப் பற்றி இரண்டே வாக்கியம்: முன்புறம் அதீனாவின் பிறப்பு, பின்புறம் நாட்டுக்காக அதீனாவும் பொசைடனும் போட்டியிட்டது (1.24.5). பிறகு நேரே உள்ளே போய்ப் பொன்னும் தந்தமும் வைத்துச் செய்த சிலையில் நின்றுவிடுகிறார். ஆனால் அந்த இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால் உடைந்து கிடக்கும் முகப்புச் சிற்பங்கள் எந்தக் கதையைச் சொல்கின்றன என்று இன்றைக்கும் அடித்துக்கொண்டிருப்போம்.

அவர் விடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்தைய கட்டடங்களிலும் சிலைகளிலும் அவருக்கு ஆர்வம் மிகக் குறைவு. ஹேட்ரியன் பேரரசர் செய்தவை பெரிய விதிவிலக்கு. ஏதென்சின் கோட்டைமேடான அக்ரோபோலிஸில் பார்த்தெனானுக்கு எதிரே நின்ற ரோமா–அகஸ்டஸ் கோயிலைக் கண்டுகொள்ளவில்லை. ஒலிம்பியாவில் தன் காலத்திலேயே எழுந்த, ஹெரோதெஸ் குடும்பத்தின் பெரிய நீரூற்று மாளிகையையும் சொல்லவில்லை. அகோராவின் கிழக்கு விளிம்பு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற அட்டலோஸ் மண்டபமும் இல்லை. ஏதென்சில் ஃபிலோபப்போஸ் நினைவுச் சின்னம் குன்றின் மேல் எங்கிருந்தும் தெரியும். அதற்கு "ஒரு சிரியாக்காரருக்குக் கட்டிய நினைவிடம்" என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிக்கவில்லை. கொஞ்சம் முகச்சுளிப்பு தெரிகிறது அல்லவா? பழைய சிலைகளின் பெயரை அழித்துப் புதியவர்கள் பெயரைப் பொறித்ததையும் விடாமல் குறிக்கிறார்: பழைய ஏதென்ஸ் தளபதிகளான மில்டியாடீஸ், தெமிஸ்டாக்ளீஸ் சிலைகள் ஒரு ரோமானியராகவும் ஒரு திரேசியராகவும் மாற்றப்பட்டன என்கிறார் (1.18.3). ஆர்கோஸ் அருகிலுள்ள ஹீரா கோயிலில் அகஸ்டஸ் என்று எழுதியிருப்பது உண்மையில் புராண வீரன் ஒரெஸ்டெஸ் என்று அங்கே சொல்வதாக எழுதுகிறார்.

இன்னொரு வகை மௌனம் பக்தியால் வந்தது. ரகசியச் சடங்குகள் நடந்த எலூசிஸில் கோயில் மதிலுக்கு உள்ளே இருப்பதை எழுதக்கூடாது என்று கனவு தடுத்துவிட்டது என்கிறார் (1.38.7). தீட்சை பெறாதவருக்குப் பார்க்க அனுமதி இல்லாததைப் படிக்கவும் அனுமதி இல்லை என்பது அவர் நியாயம். எனவே அங்கே மண்டபத்தைப் பற்றித் தேடிக் களைக்க வேண்டாம்.

இனி கண்ணால் கண்டது. இதற்கு ஒலிம்பியாதான். ஹீரா கோயிலில் குழந்தை டயோனிசஸைச் சுமந்த ஹெர்மிஸ், கல்லில் செய்தது, பிராக்சிடெலிஸ் வேலை என்று போகிறபோக்கில் ஒரு வரி (5.17.3). 1877இல் ஜெர்மன் குழு அதே கோயிலின் உள்ளே அந்தச் சிலையைத் தோண்டி எடுத்தது. அது அந்தச் சிற்பியின் கைவேலைதானா, பின்னால் செய்த பிரதியா என்ற வழக்கு தனியாக ஓடுகிறது. இடமும் பொருளும் பொருந்தியதில் வழக்கு இல்லை. அதே கோயிலின் பின் மண்டபத்தில் ஒரு தூண் மட்டும் ஓக் மரம் என்கிறார். இன்று அங்கே போனால் கல்தூண்கள் பருமனிலும் தலைப்பகுதி வடிவத்திலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் நிற்கும். மரத்தூண்கள் இற்றுப்போகப் போக, வெவ்வேறு காலத்தில் ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாற்றினார்கள். அவர் பார்த்தது கடைசியாக மிஞ்சியதை.

சீயுஸ் கோயிலுக்கு அளவு தருகிறார்: உயரம் 68 அடி, அகலம் 95, நீளம் 230. ஓடுகள் சுட்ட மண் அல்ல, பென்டெலி பளிங்கை ஓடு வடிவில் அறுத்தவை. ரோமானிய அடியில் மாற்றினால் அகலம் சுமார் 28 மீட்டர், நீளம் 68. இன்று தூண்தளத்தை அளந்தால் 27.7க்கு 64.1. அகலம் கிட்டத்தட்டச் சரி, நீளம் கொஞ்சம் கூடுதல். எந்த அடி, எந்தப் படியிலிருந்து அளந்தது என்பதெல்லாம் சேரும்போது இப்படி வரும். உள்ளே இருந்த பெரிய சிலைக்கோ அளவு தர மறுக்கிறார். அளந்தவர்கள் உண்டு, ஆனால் பார்த்தவர் மனதில் ஏற்படும் உணர்வுக்கு அந்த எண்கள் எட்டாது என்று தட்டிக்கழிக்கிறார். படிக்கும் நமக்குக் கடுப்பாகத்தான் இருக்கும்.

அதை ஈடுகட்டப் பராமரிப்பு விவரம் தருகிறார், அது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சிலைக்கு முன்னால் உள்ள தரை வெண்கல் அல்ல, கருங்கல். சுற்றிலும் பேரோஸ் பளிங்கில் விளிம்பு, ஊற்றும் எண்ணெய் வழிந்தோடாமல் தடுக்க. ஒலிம்பியா ஈரம் நிறைந்த சதுப்பு நிலம். தந்தம் கெடாமல் இருக்க ஆலிவ் எண்ணெய். ஏதென்சின் அக்ரோபோலிஸ் உயரமான வறண்ட இடம். அங்கே தந்தத்துக்கு வேண்டியது தண்ணீர். எபிடோரஸில் மருத்துவ தெய்வமான அஸ்கிலெபியோஸ் சிலைக்கு இரண்டுமே ஏன் இல்லை என்று விசாரித்திருக்கிறார், சிலை ஒரு கிணற்றின் மேல் அமைந்திருக்கிறது என்று கோயில் ஆட்கள் பதில் சொன்னார்களாம் (5.11.10–11). ஒலிம்பியாவின் கருங்கல் பாளங்கள் அகழாய்வில் கிடைத்தன.

சீயுஸின் பெரிய பலிபீடம் இன்னும் வியப்பு. பலி விலங்குகளின் தொடையை எரித்த சாம்பலாலேயே எழுந்தது. கீழ்த்தளத்தின் சுற்றளவு 125 அடி, மேல்தளம் 32, மொத்த உயரம் 22. ஆண்டுதோறும் எலாஃபியோஸ் மாதம் 19ஆம் நாள் குறிசொல்லிகள் பொது அடுப்பிலிருந்து சாம்பலைக் கொண்டுவந்து ஆல்ஃபியோஸ் ஆற்று நீரில் குழைத்துப் பூசுவார்கள். வேறு எந்த நீரும் ஆகாது. பலிக்கு எரிப்பது வெண்பாப்லார் விறகு மட்டும். இந்த மேட்டின் தடயம் எதுவும் இன்று இல்லை. சாம்பல் நிற்குமா? அவர் எழுதியது மட்டும் நிற்கிறது.

காதால் கேட்டவற்றுக்கு அவரே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார். கிரேக்கர்கள் சொல்வதைச் சொல்ல வேண்டியது என் கடமை, எல்லாவற்றையும் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் எனக்கில்லை என்கிறார் (6.3.8). ஆர்கோஸ் வழிகாட்டிகளைப் பற்றி எழுதுவது இன்னும் சுவை: தாங்கள் சொல்வது எல்லாம் உண்மையல்ல என்று அவர்களுக்கே தெரியும், இருந்தும் சொல்கிறார்கள், பெருங்கூட்டத்தின் நம்பிக்கையை மாற்றுவது லேசான காரியமில்லை (2.23.6). லிடியாவில் ஒரு மேடு இடிந்து பெரிய பெரிய எலும்புகள் வெளிப்பட்டன. கெரியோன் அரக்கனுடையவை என்றார்கள் வழிகாட்டிகள். அவன் இருந்தது மேற்கே கதெய்ராவில் ஆயிற்றே என்று இவர் மடக்கியதும், அப்படியானால் இது பூமியின் மகன் ஹில்லோஸ் என்று அடுத்த கதைக்கு மாறிக்கொண்டார்கள்.

இந்த எச்சரிக்கையோடு மைசீனிக்குப் போங்கள். டிராய்ப் போரில் கிரேக்கப் படைத்தலைவனான அகமெம்னோனும் உடன் கொல்லப்பட்டவர்களும் மதிலுக்கு உள்ளே புதைக்கப்பட்டார்கள், கொன்றவர்களான கிளிடெம்னெஸ்ட்ராவும் எகிஸ்தோஸும் சற்று வெளியே என்கிறார் (2.16). மற்றவர்கள் இதை ஊரின் வெளிமதில் என்று எடுத்துக்கொண்டபோது, ஜெர்மன் தொல்லியலாளர் ஷ்லீமான் கோட்டை மதில் என்று படித்தார். 1876இல் உள்ளே தோண்டினார். ஐந்து குழிக் கல்லறைகள், தங்க முகமூடிகள். ஆறாவதைக் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்டமடாகிஸ் தோண்டினார். ஆனால் அந்தக் கல்லறைகள் கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, டிராய்ப் போருக்குச் சொல்லப்படும் காலத்துக்கு வெகு முந்தியவை. பௌசானியாஸ் காலத்தில் அவை மண்ணுக்கடியில் மூடிக் கிடந்தன. அவர் கேட்டு எழுதியது ஊரார் கதை. புதையல் கிடைத்ததால் அந்தக் கதை உண்மையாகிவிடாது.

அவருடைய கண், காது இரண்டையும் தாண்டி, உடம்பே சாட்சியான இடம் ஒன்று உண்டு: லெபடேயாவில் ட்ரொஃபோனியோஸ் என்ற தெய்வவீரனிடம் குறிகேட்கும் இடம் (9.39). செவிவழிச் செய்தியை எழுதவில்லை, நானே இறங்கிக் கேட்டேன் என்கிறார். குறி கேட்பவர் சில நாள் ஒரு கட்டடத்தில் தங்க வேண்டும். வெந்நீர்க் குளியல் கூடாது, ஹெர்கினா ஆற்றில்தான். பல தெய்வங்களுக்குப் பலி; குடலைப் பார்த்துக் குறி சொல்வார்கள். இறங்கும் இரவில் ஒரு கடாவைப் பலியிட்டு, அதன் குடலும் நல்லது என்று சொன்னால்தான் அனுமதி. பதின்மூன்று வயதளவில் இரண்டு சிறுவர்கள் குளிப்பாட்டி எண்ணெய் பூசுவார்கள். மறதி நீர் ஒன்று, நினைவு நீர் ஒன்று, அடுத்தடுத்துக் குடிக்க வேண்டும். பிறகு சணல்நூல் அங்கி.

தளம் வெண்பளிங்கு, கதிரடிக்கும் சிறிய களத்தின் சுற்றளவு, உயரம் இரண்டு முழத்துக்கும் குறைவு. நடுவில் ரொட்டி அடுப்பு வடிவில் கட்டிய குழி, நான்கு முழ அகலம், எட்டு முழத்துக்கு மேற்படாத ஆழம். படிக்கட்டு கிடையாது, லேசான குறுகிய ஏணியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அடியில் தரைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு சாண் அகலம், ஒரு சாண் உயரத்தில் ஒரு துளை. தேனில் பிசைந்த பார்லி அடைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்து, பாதத்தை முதலில் துளைக்குள் விட்டு, முழங்காலை நுழைக்க முயல வேண்டும். பெரிய ஆற்றுச் சுழல் ஆளை இழுப்பதுபோல் மீதி உடம்பு உள்ளே போய்விடும். திரும்பி வருவதும் பாதம் முன்னாக, அதே துளை வழியே. வெளியே வந்தவரை நினைவின் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டறிவார்கள். பயத்தில் தன்னிலை இழந்தவரைச் சுற்றத்தாரிடம் ஒப்படைப்பார்கள். சிரிக்கும் திறனும் பிறகு திரும்பும். கண்டதை ஒரு பலகையில் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே தான் என்ன கேட்டார், என்ன கண்டார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மூலப் பிரதியைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குப் பின் ஆறாம் நூற்றாண்டில் பைசான்டியத்து இலக்கண அறிஞர் ஸ்டெஃபனஸ்தான் இந்த நூலைத் தாராளமாக எடுத்தாள்கிறார். நடுவே ஏறக்குறைய நிசப்தம். இன்றுள்ள கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் பதினைந்தாம் நூற்றாண்டில் ஃபுளோரன்சில் நூல் சேகரிப்பாளர் நிக்கோலோ நிக்கோலியிடம் இருந்த ஒரே பிரதியின் வழிவந்தவை. அதுவும் பின்னர் தொலைந்துபோனது. முதல் அச்சுப் பதிப்பு வெனிஸில், 1516இல். ஒரே மூலம் என்பதால் அதில் ஒரு வரி விடுபட்டிருந்தால் எல்லாப் பிரதியிலும் அந்த ஓட்டை இருக்கும். ஒப்பிட்டுச் சரிசெய்ய வழியில்லை. எண்கள் எழுத்துகளால் எழுதப்பட்டவை, ஒரு கோடு மாறினாலும் எண் மாறும். ஒரு தூரமோ அளவோ தரையில் பொருந்தவில்லையென்றால் பௌசானியாஸைத் திட்டுவதற்கு முன் பதிப்பின் அடிக்குறிப்பைப் பாருங்கள்.

முதல் நூலிலிருந்து வரிசையாகத் தொடங்கிப் பாதியில் கைவிட்டவர்கள் ஏராளம். 5ஆம் நூலின் 10ஆம் அத்தியாயத்திலிருந்து 27 வரை, ஒலிம்பியாவின் தரைப்படத்தை விரித்துவைத்து முதலில் படியுங்கள். அடுத்து முதல் நூலின் 2 முதல் 28 வரை, அகோரா–அக்ரோபோலிஸ் படத்தோடு. பென்சிலால் அவர் வழியைக் கோடாக இழுங்கள், "என்கிறார்கள்" என்று வரும் இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். சிலை அழிந்துபோன இடத்தில் அந்த ஊர் அடித்த நாணயங்களைத் தேடலாம். எலிஸ் நாணயத்தில் ஹேட்ரியன் காலத்தில் பொறித்த சீயுஸ் உருவம், அவர் விவரித்த சிலைக்கு நமக்குள்ள மிகச் சிறந்த துணை. டெல்ஃபியில் பாலிக்னோடஸ் ஓவியங்களை ஏழு அத்தியாயம் விவரிக்கிறார் (10.25–31), ஹோமரில் பரிச்சயம் இருந்தால் ருசிக்கும், இல்லாவிட்டால் பெயர்ப் பட்டியல். 4ஆம் நூலில் பெரும்பகுதி ஸ்பார்ட்டாவுக்கும் மெசீனியாவுக்கும் நடந்த போர்கள். இடங்களைப் பார்க்கப் போகிறவர் அதைத் தள்ளிவைத்தால் நட்டமில்லை. எட்டாம் நூலை மட்டும் தவறவிடாதீர்கள். ஆர்க்கேடியாவின் மலைச்சாலைகளும் ஊற்றுகளும் பாழடைந்த சிற்றூர்களும் அதில்தான் இருக்கின்றன. வேறு எந்தப் பழைய ஆசிரியரும் அங்கெல்லாம் அவ்வளவு பொறுமையாகச் சுற்றவில்லை.